பாதிச் சொல்லில் நின்ற கை

என் மகளின் வலக்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலாக அந்தரத்தில் நின்றது. விரல்கள் பாதி மடிந்திருந்தன. இடக்கை வயிற்றில் இருந்தது. கண் என்னையே பார்த்தபடி இருந்தது, ஆனால் இமைக்கவில்லை. கொம்பியூட்டர் விறைத்துப்போயிருந்தது. மவுஸை எந்தப் பக்கம் இழுத்தாலும் அம்புக்குறி அசையவில்லை. நான் கதிரையை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப்போட்டு அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. படம் நின்றுபோனால் ரெலிபோனை எடுத்து மிச்சத்தைக் கதைத்து முடிப்பார்கள். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே காது கேட்காது. பேச்சும் வரவில்லை. எனக்கும் அவளுக்கும் இருந்த பாஷை முழுவதும் கையிலும் முகத்திலும்தான் இருந்தது. அதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் தவழ்ந்த நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேருமாகச் செய்துகொண்டது. மூக்குத்தி இருக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டால் அம்மா. மேலுதட்டை இரண்டு பக்கமும் தடவினால் அப்பா. அவர் போன பிறகும் அந்தச் சைகை எங்களிடம் இருந்தது.

நான் ஆட்களோடு கதைக்கக் கூச்சப்படுகிறவள். கடையில் போய் நின்றால் என் முறை வந்தும் சத்தம் வராது. பின்னால் வந்தவர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவளோடு மட்டும் நான் வாயாடி. என் வாய்க்குத்தான் கூச்சம், கைக்கு இல்லை.

அவளுக்குக் கனடாவில் கலியாணம் சரிவந்தது. மாப்பிள்ளையும் காது கேளாதவர், நல்லவர், எங்கள் தூரத்துச் சொந்தம். விசா அலுவலுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து அவளைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்கு வந்து, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு ஒழுங்கையில் ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். எட்டு மாதத்தில் விசா வந்தது. அவள் போனாள். நான் சாமான்களைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பலாம் என்று இருந்தபோது சண்டை திரும்பவும் தொடங்கி, யாழ்ப்பாணத்துக்குப் போகிற பாதையைப் பூட்டிவிட்டார்கள். கட்டின சாமானை அவிழ்த்தேன். கொழும்பில் தங்குவதற்காகப் பொலிஸில் பதிந்த துண்டை அடையாள அட்டையோடு சேர்த்து ஒரு சின்னப் பையில் போட்டு, வெளியில் போகும்போதெல்லாம் நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

விமான நிலையத்தில் அவள் போன நேரம் எங்களுக்கு ஒழுங்காகக் கதைக்கக் கிடைக்கவில்லை. அவளுடைய இரண்டு கையிலும் பைகள். கை நிறையச் சாமான் இருந்தால் அவளுக்கு வாயைக் கட்டினது மாதிரி. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு ஒரு பையை நிலத்தில் வைத்துக் கையைத் தூக்கினாள். அதற்குள் பின்னால் வந்தவர்கள் அவளை மறைத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் நான் அவளுடைய கையைப் பார்க்கவில்லை. மருமகனின் தங்கை காது கேட்கிறவள். அவள் இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வீட்டுக்கார அம்மாவின் ரெலிபோனுக்கு எடுத்து, "அண்ணி சுகமாய் இருக்கிறா, மாமி" என்று சொல்லுவாள். நான் "ஓம் பிள்ளை" என்று சொல்லி வைத்துவிடுவேன். சுகமாய் இருக்கிறாள் என்பதை அவளுடைய புருவத்தைப் பார்க்காமல் நான் எப்படி நம்புவது?

கடைசியில் மருமகன் தனக்குத் தெரிந்த ஒருவர் மூலம் ஒரு பழைய கொம்பியூட்டரையும் மேலே செருகுகிற சின்னக் கமராவையும் என் அறைக்கு அனுப்பிவைத்தார். என் அறையில் ஒரேயொரு பிளக் பொயின்ற்தான் இருந்தது. அது சாமித்தட்டுக்கு நேர் கீழே. ஆகவே மேசை அங்கே வந்தது. பெரிய பெட்டி மேசைக்குக் கீழே நிலத்தில், சாமித்தட்டு அதற்கு மேலே சுவரில், நான் இரண்டுக்கும் நடுவில்.

வீட்டுக்கார அம்மா ஒரு கந்தோரில் முப்பது வருடம் ரைப்பிஸ்டாக இருந்து பென்சன் எடுத்தவர். என்னிலும் நாலைந்து வயது இளையவர், தனியாள், குரல் மட்டும் பத்துப் பேருக்குக் காணும். கொம்பியூட்டரைப் போடுவதும் அந்தப் பக்கம் கூப்பிடுவதும் முதலில் அவர்தான் செய்து தந்தார். முதல் ஞாயிறு காலை ஆறரைக்கு, அங்கே சனி இரவு எட்டு மணிக்கு, படம் வந்தது. மகள் தலைமயிரை வெட்டியிருந்தாள். மூக்கைத் தொட்டாள். நானும் என் மூக்கைத் தொட்டேன். பிறகு நாங்கள் இரண்டு பேரும் கதைத்த கதையில் மேசையில் இருந்த தேத்தண்ணீர்க் கோப்பை தட்டுப்பட்டு விழுந்தது.

பக்கத்தில் நின்ற வீட்டுக்கார அம்மா கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தார். "என்னக்கா, ஒரு வருசமா என்னோட பத்துச் சொல்லுக் கதைச்சிருப்பியளோ? இப்ப பாருங்கோ. என்னைப் பற்றி என்ர முன்னாலேயே வம்பு கதைச்சாலும் எனக்கு விளங்கப்போறேல்லை" என்றார்.

"உங்களைப் பற்றித்தான் கதைச்சனான், தங்கச்சி" என்றேன். அவர் என்னை நம்பவில்லை. உண்மையில் அவரைப் பற்றித்தான் கதைத்தேன். அவருக்கு நாங்கள் வைத்த சைகை வாய்க்கு முன்னால் ஐந்து விரலையும் திறந்து திறந்து மூடுவது.

ஞாயிற்றுக்கிழமைக்காகவே மற்ற ஆறு நாளும் இருந்தன. விடிய எழும்பித் தோய்ந்து, விளக்கேற்றி, தூபக்காலில் தணல் போட்டுச் சாம்பிராணி காட்டுவேன். சாமிக்குக் காட்டின கையோடு கொம்பியூட்டருக்கும் காட்டுவேன். அது என் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டுகிற சாமான். அதற்கும் மரியாதை செய்யவேண்டும் என்று எனக்குப் பட்டது. பெட்டியின் முன்பக்கத்தில் மூன்று குறி விபூதி. பின்பக்கத்தில் மா அரிக்கிற அரிப்பு மாதிரி ஓட்டைகள் இருந்தன. உள்ளே காற்றை இழுக்கிற சத்தம் கேட்கும். அதற்குள்ளும் ஒரு சிட்டிகை தூவிவிடுவேன். தூபக்காலைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டுக் கதிரையில் இருப்பேன். புகை மெல்ல மெல்லப் பெட்டிப் பக்கம் சாய்ந்து போவதைப் பார்த்து, ஏற்றுக்கொள்கிறது என்று நினைத்தேன்.

மூன்றாம் மாதம் போலத்தான் முதல்முறை விறைத்தது. ஒரு மணித்தியாலம் கதைத்த பிறகு படம் அப்படியே நின்றது. அணைத்துப் போட்டால் வந்தது. சில கிழமையில் அரை மணித்தியாலத்திலேயே நின்றது. பிறகு இருபது நிமிடம். திரும்பப் போட்டால் ஐந்து நிமிடம் ஓடும், பிறகு அதுவும் இல்லை. மகள் இதற்கென்று ஒரு சைகை செய்தாள். ஐந்து விரலையும் நெருக்கி விறைப்பாக நீட்டிப் பிடித்து, மற்றக் கையால் மூக்கைப் பொத்துவாள். கருவாடு. "போன கிழமை கருவாடாய்ப் போனாய், அம்மா" என்று தொடங்குவாள். என்னுடைய பெட்டி நின்றால் அவளுடைய பக்கத்துத் திரையில் நான் நிற்பேனாம், வாயைத் திறந்தபடி.

வீட்டுக்கார அம்மா அதைத் தன்னுடைய வழக்காகவே எடுத்துக்கொண்டார். முதலில் ரெலிபோன் வயரைக் குற்றம் சொன்னார். வயரை மாற்றினோம். பிறகு கமரா. அதைக் கழற்றிவிட்டுப் பார்த்தோம், நின்றது. பிறகு வைரஸ் என்றார். அவருடைய பழைய கந்தோரில் கொம்பியூட்டர் பார்க்கிற ஒருவர் வந்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். அவர் இருந்த பத்து நிமிடமும் நன்றாக ஓடியது. அவர் படலையைத் தாண்டியிருக்க மாட்டார், நின்றது. இன்னொருவர் வந்து உள்ளே ஒரு துண்டைக் கழற்றி வேறொன்றைச் செருகினார். மேசைக்குக் கீழே இருட்டில் தலையை விட்டு, எட்டின இடத்தில் கையை வைத்துச் செய்துவிட்டுப் போனார். பக்கத்து மூடியின் ஆணிகளை அவர் திரும்பப் போடவும் இல்லை.

அவர்கள் கதைத்த நேரமெல்லாம் நான் கதவடியில் நின்றேன். எனக்கு ஒரு விஷயம் தெரியும். நிற்பதற்கு முன்னால் பெட்டி இரையும், பிளேன் எழும்புகிறது மாதிரி. பக்கத்தில் கையை வைத்தால் காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரிச் சுடும். ஒருநாள் நான் ஒரு துணியை நனைத்துப் பிழிந்து அதன் மேலே போட்டும் வைத்தேன். வீட்டுக்கார அம்மா கண்டுவிட்டு, "கரண்ட் அடிச்சுச் சாகப்போறியளோ அக்கா? உங்கட மகளுக்கு நான் எந்தக் கையால சொல்லுறது?" என்று ஏசினார். அதற்குப் பிறகு சூட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. படித்த ஆட்கள் வந்து பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

வாயைத் திறக்காதவளுக்கு என்ன வழி? கூடக் கும்பிட்டேன். ஞாயிறும் வெள்ளியும் காட்டின சாம்பிராணியை நாளாந்தம் காட்டத் தொடங்கினேன். விபூதியும் கூடினது. இருபது நிமிடம் பத்தாகியது.

அந்த நேரத்தில்தான் மகள் பிள்ளைத்தாச்சியானாள். ஏழாம் மாதம் தொடங்கியிருந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் கையால் கதைக்கிற ஆள் ஒருத்தியை டொக்டருக்குப் பக்கத்தில் விடுவார்களாம். ஆனால் அது அந்த நாட்டில் படித்து எடுக்கிற கைப்பாஷை. மகளுக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. அதோடு, அந்நியப் பெண்ணிடம் கேட்கக்கூடிய கேள்வியா எல்லாம்? மருமகனின் தங்கையிடமும் கேட்க மாட்டாள். என் மகளும் என்னைப் போலக் கூச்சக்காரி. அவளுக்கு இருந்தது நான், எனக்கு இருந்தது பத்து நிமிடம்.

அந்த ஞாயிறு அவள் வழக்கமான சுகம் விசாரிப்பையெல்லாம் விட்டுவிட்டு, அறைக் கதவைப் பூட்டிவிட்டு வந்து இருந்தாள். பயமாய் இருக்கிறது என்றாள். அதற்கு எங்கள் சைகை, நெஞ்சில் விரல்களால் மழை மாதிரித் தட்டுவது. இடக்கையை வயிற்றில் வைத்தாள். வலக்கையைத் தூக்கிக் கேட்கத் தொடங்கினாள். பெட்டி இரைந்தது. கை நின்றது.

நான் அணைத்துப் போட்டேன். திரையில் வெளிச்சம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. மூன்றாம் தரம் போட எனக்கு மனம் வரவில்லை என்று சொன்னால் பொய். மூன்றாம் தரமும் போட்டேன். கொஞ்ச நேரம் அவள் வந்தாள், அதே கேள்வியைத் திரும்பத் தொடங்கினாள், அதே இடத்தில் கை நின்றது. இந்தமுறை நான் அணைக்கவில்லை. அணைத்தால் அதுவும் போய்விடும். அவள் அசைந்துகொண்டிருக்கும்போது நான் கையைத்தான் பார்ப்பேன், கதை பிந்திவிடும் என்ற பயத்தில். அன்றைக்குத்தான் ஆறுதலாக முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கழுத்தில் நான் போட்டுவிட்ட சங்கிலி, கழுத்துப் பெருத்து இறுக்கமாய்க் கிடந்தது. நான் கையை நீட்டிக் கண்ணாடியில் அவளுடைய விரல்களைத் தொட்டேன். அதுவும் சூடாகத்தான் இருந்தது.

வீட்டுக்கார அம்மா வந்து பார்த்தார். வழக்கமான பகிடி ஒன்றும் விடவில்லை. "அக்கா, நாளைக்கு நுகேகொடைக்குக் கொண்டுபோவம். அங்க ஒரு சிங்கள மனிசன் இருக்கிறார், எங்கட கந்தோர்ச் சாமானெல்லாம் அவர்தான் பார்த்தவர். வீட்டுக்கு வரமாட்டார், நாங்கள்தான் தூக்கிக்கொண்டு போகவேணும்" என்றார்.

தூக்கிக்கொண்டு போவது என்பது அந்த நாட்களில் லேசான சொல் இல்லை. பொதி கொண்டு போகிற தமிழரைப் பார்த்தால் எந்தச் சந்தியிலும் மறிப்பார்கள். கொழும்பில் பஸ்ஸில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கும் பயம், எங்களுக்கும் பயம். பெட்டிக்குத் தூசு படக்கூடாது என்று நான் அதை வெள்ளைப் படுக்கைச் சீலையால் இறுக்கிச் சுற்றி, நாலு மூலையையும் முடிந்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்படிச் சுற்றாமல் விட்டிருந்தால் சில வேளை மறித்திருக்கவே மாட்டார்கள்.

பாலத்தடிச் செக்பொயின்றில் ஓட்டோவை ஓரங்கட்டச் சொன்னார்கள். ஒரு பெண் பொலிஸ் குனிந்து என் மடியைப் பார்த்தாள். என்னுடைய மகளிலும் கொஞ்சம் மூத்தவளாக இருக்கும். இறங்கச் சொன்னாள். வீட்டுக்கார அம்மா தன்னுடைய கந்தோர்ச் சிங்களத்தில் மூச்சு விடாமல் சொல்லத் தொடங்கினார். அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். பொதி என் மடியில் இருந்தது. ஆகவே என்னிடம்தான் கேட்டாள்: "அம்மே, மேக்கே மொனவத?" உள்ளே என்ன என்று.

எனக்குக் கடையில் விலை கேட்கிற சிங்களம் மட்டும்தான் தெரியும். தமிழே வராத இடத்தில் அதுவும் வரவில்லை. பொதியை நடைபாதையில் வைத்துவிட்டு நின்றேன். பிறகு என் கை தன்பாட்டில் எழும்பியது. வயிற்றைத் தொட்டு, இடுப்பளவு உயரம் காட்டி, பிறகு தோளளவு உயரம் காட்டினேன்: என் பிள்ளை, வளர்ந்த பிள்ளை. கையைத் தூர வானத்துக்கு அனுப்பினேன். இரண்டு காதையும் பொத்தி, இல்லை என்று தலையாட்டினேன். வாயைத் தொட்டு, இல்லை. இரண்டு கையையும் அசைத்துக் காட்டினேன், கண்ணுக்கு முன்னால் ஒரு சதுரம் கீறினேன், பெட்டியைத் தொட்டேன். பிறகு விரலெல்லாம் விறைத்துப் பிடித்துக் காட்டினேன், கருவாடு. மூக்கைப் பொத்தத் தேவையில்லை, அவளுக்கு அது விளங்காது. ஆனால் பழக்கத்தில் பொத்திவிட்டேன்.

அவள் என்னைப் பார்த்தபடி நின்றாள். "லமயா?" என்றாள். பிள்ளையா என்று. நான் தலையாட்டினேன். அவளுடைய முகம் இளகினது. ஆனாலும் வேலை வேலைதானே. சீலையை அவிழ்க்கச் சொன்னாள். ஆணி இல்லாத பக்கத்து மூடியைத் தானே இழுத்துத் திறந்தாள். உள்ளேயிருந்து ஒரு சாம்பல் புகை எழும்பி அவளுடைய முகத்தில் அடித்தது. நாலைந்து தரம் தும்மினாள். பிறகு உள்ளே ஒரு விரலை விட்டு எடுத்துப் பார்த்தாள். விரல் நுனி முழுக்கச் சாம்பல் நிறத் தூள்.

அவளுடைய முகம் மாறிப்போனது. ஓரடி பின்னால் போய், துவக்கோடு நின்ற மற்றவரைக் கூப்பிட்டாள். ஓட்டோக்காரர் கையை ஹாண்டிலிலிருந்து எடுத்து மேலே தூக்கினார். வீட்டுக்கார அம்மாவின் குரல் போன இடம் தெரியவில்லை. பொதிக்குள் பெட்டி, பெட்டிக்குள் தூள், கொண்டுவந்தவளிடம் யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. என்ன சொன்னாலும் யாருக்குக் கேட்கும்?

நான் குனிந்தேன். ஏன் குனிந்தேன் என்று இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்த மணம் எனக்குத் தெரிந்த மணம். பெட்டிக்குள் மூன்று விரலை வைத்துத் தூளைத் தொட்டு, என் நெற்றியில், காலையில் பூசியிருந்த குறிக்கு மேலேயே, இழுத்துப் பூசினேன். பிறகு கும்பிட்டுக்கொண்டு நின்றேன்.

துவக்கோடு வந்தவரும் அவளும் என் நெற்றியைப் பார்த்தார்கள். பிறகு பெட்டிக்குள் பார்த்தார்கள். இரண்டும் ஒரே நிறம். அவள் தன்னுடைய விரலை மூக்கடிக்குக் கொண்டுபோய் மணந்து, அந்த மனிதரிடம் மெல்லிய குரலில் ஒரு சொல் சொன்னாள். "சம்பிராணி." சிங்களத்திலும் அதற்கு அதே பேர்தான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அட்டைகளையும் பொலிஸ் துண்டையும் நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு போகச் சொன்னார்கள். மூடியை அவளே தள்ளி அடைத்தாள். சீலையைச் சுற்ற வேண்டாம் என்று சைகையில் காட்டினாள். வாயால் சொல்லவில்லை.

ஓட்டோ இரண்டு சந்தி தாண்டும் மட்டும் வீட்டுக்கார அம்மா பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு, "அக்கா, இதுக்குள்ள விபூதி எப்பிடிப் போனது?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தூபக்கால் வைத்த இடம், ஓட்டைக்குள் தூவினது, எல்லாம்.

"எவ்வளவு காலமா?"

"வந்த நாளில இருந்து. இப்ப ஒவ்வொரு நாளும்."

அவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று பயந்துபோனேன். சிரிக்கிறார். "நான் ஆறு மாசமா வைரஸைத் தேடி ஊரில உள்ள ஆம்பிளையள் எல்லாரையும் கூப்பிட்டன். நீங்கள் பின்னால நிண்டு அதுக்குத் தூபம் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறியள்" என்றார். சிரிப்பு அடங்கின பிறகு அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டேன்.

நுகேகொடையில் கடை வைத்திருந்த மனிதர் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டுப் பெட்டிக்குள் பார்த்தார். உள்ளே நடுவில், மூளை மாதிரியான துண்டுக்கு மேலே ஒரு அலுமினியக் கட்டியும் அதற்கு மேலே ஒரு சின்ன ஃபேனும் இருந்தன. கட்டியின் இடுக்கெல்லாம் சாம்பிராணிப் பிசினும் விபூதியும் சேர்ந்து, சுவருக்குப் பூசின சாந்து மாதிரி இறுகியிருந்தது. ஃபேன் சுற்றியது, காற்றுப் போக வழியில்லை. மூளை சூடேறினால் தன்னைக் காப்பாற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். அவர் சொன்னதை வீட்டுக்கார அம்மா எனக்குத் தமிழில் சொன்னார். அப்போதுதான் நான் வாயைத் திறந்து, நிற்க முன்னால் அது இரைகிறதையும் சுடுகிறதையும் சொன்னேன். வீட்டுக்கார அம்மா அதைச் சிங்களத்தில் சொன்னதும் அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் கேட்டதையும் வீட்டுக்கார அம்மா எனக்குச் சொன்னார்: "அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. பிறகு ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு கேக்கிறார்."

நான் நிலத்தைப் பார்த்தேன். வீட்டுக்கார அம்மாவும் நிலத்தைத்தான் பார்த்தார். ஈரத் துணிக்கு ஏசினது அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும்.

கடைக்காரர் பிரஷ்ஷால் சுரண்டி, காற்று அடிக்கிற மெஷினால் ஊதி, அலுமினியக் கட்டிக்குக் கீழே வெள்ளைப் பசை ஒன்று வைத்துத் திரும்பப் பூட்டினார். கடை முழுக்கச் சாம்பிராணி மணத்தது. அவருடைய தாயும் ரெலிவிஷனுக்கு மேலேதான் பூவும் விளக்கும் வைக்கிறவவாம், எண்ணெய் வடிந்து இரண்டு தரம் பழுதாகியதாம். தான் ஒன்றும் சொல்வதில்லையாம். இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தோம். பெட்டியின் பக்கத்தில் நான் கையை வைத்தபடியே இருந்தேன். குளிர்ந்தே இருந்தது.

சாமித்தட்டை நான் கழற்றவில்லை. வீட்டுக்கார அம்மா தன்னுடைய அறையிலிருந்து ஒரு நீள வயரைத் தந்தார். மேசை மற்றச் சுவருக்குப் போனது. ஞாயிறு காலை தூபக்காலைக் குசினி வாசலுக்குக் கொண்டுபோய் வைத்தேன். கொம்பியூட்டருக்கு ஒன்றும் காட்டவில்லை. பழக்கத்தில் கை துடித்தது. புடவையில் துடைத்துக்கொண்டேன்.

ஆறரைக்கு அவள் வந்தாள். மூக்கைத் தொட்டாள். கருவாடு ஆகமுன்னம் கேட்டுவிடவேண்டும் என்று அவசரப்பட்டாள். கை ஒன்றில் மற்றது இடித்துக்கொண்டது. நான் மெதுவாக என்று காட்டினேன். பத்து நிமிடம் போனது. இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். இருபது போனது. அதற்குப் பிறகு அவள் கதிரையில் சாய்ந்தாள்.

அவள் கேட்டதெல்லாவற்றையும் இங்கே எழுத மாட்டேன். அது அவளுடைய கேள்வி. நான் எழும்பி நின்று, முழங்காலை மடித்து, நோ வரும்போது எதைப் பிடிப்பது, மூச்சை எப்படி விடுவது, முதுகில் எங்கே அமத்தச் சொல்லி மருமகனுக்குக் காட்டுவது என்று எல்லாம் செய்து காட்டினேன். பிள்ளை அழுவது தனக்குக் கேட்காதே என்றாள், அதுதான் அவளுடைய பெரிய பயம். உன்னைப் பெற்ற நேரம் நீ அழுததை நான் கேட்டேன், ஆனால் அதைக் கேட்டு உனக்குப் பால் தரவில்லை, உன்னுடைய வாயைப் பார்த்துத்தான் தந்தேன் என்று காட்டினேன். தலையணை ஒன்றை எடுத்து, இடக்கையில் வைத்து, எப்படி முகத்தைப் பார்த்தபடி படுப்பது என்று காட்டினேன். அவளும் அங்கே ஒரு தலையணையை எடுத்தாள். இடையில் வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, நான் தலையணையோடு நிலத்தில் இருப்பதைக் கண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.

எட்டு மணி தாண்டியது. கதை முடிந்துவிட்டது. பெட்டி அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் தெரிந்தது, எங்களுக்கு முடிக்கத் தெரியாது என்று. இவ்வளவு காலமும் பெட்டிதான் முடித்தது. போய்வருகிறேன் என்பதற்கு எங்களிடம் சைகையே இருக்கவில்லை. அவள் பிறந்ததிலிருந்து இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தோம், யாருக்கு யார் போய்வருகிறேன் சொல்வது? விமான நிலையத்தில் தூக்கின கையில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை. இப்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். இரண்டு பேருடைய கையும் மடியில். கண் இமைத்தது. அதனால் விறைக்கவில்லை என்று தெரிந்தது. எந்தப் பொத்தானை அமத்தவேண்டும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவள் சின்னவளாக இருந்தபோது ஊரில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் தட்டுப்பாடு. படுத்துக்கொண்டும் கை ஆட்டிக் கதைத்துக்கொண்டே இருப்பாள். காணும், படு என்று நான் விளக்கை அணைத்துவிடுவேன். இருட்டினால் எங்களுக்குக் கதை இல்லை. கொஞ்ச நேரம் என் கையைத் தடவித் தேடிப் பிடித்துக்கொண்டு கிடப்பாள். பிறகு நித்திரையாகிவிடுவாள்.

அவள் எழும்பினாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக. கமராவுக்கு அந்தப் பக்கம் போனாள். அங்கே அறை வெளிச்சம் அணைந்தது. கொம்பியூட்டரின் வெளிச்சத்தில் அவள் திரும்பி வந்து கதிரையில் இருப்பது மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கையை முன்னால் நீட்டி வைத்திருந்தாள்.

எனக்கு இங்கே நல்ல வெயில். ஒழுங்கையில் மீன்காரர் கூவிக்கொண்டு போனார். நான் எழும்பிப்போய் யன்னலைச் சாத்தி, அறையை இருட்டாக்கிவிட்டு வந்து இருந்தேன்.